பாதுகாவலர் டாலர் பரிசளிக்கப் போகிறீர்களா?

புதுநன்மை (முதன்முறையாக நற்கருணை) வாங்கும் பிள்ளைக்கோ, வெளியூருக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கோ, அவரவர் பாதுகாவலரான ஒரு புனிதரின் உருவம் பொறித்த டாலரைக் கொடுத்து அனுப்புவது எனக்கு மிகப் பிடித்த பரிசு. முதல்முறை வாங்குகிறவர்களுக்காக, புதுச்சேரியில் நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் புனிதர் யார் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். ஞானஸ்நானப் பெயரைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. நம் பெயர்களுக்குள்ளேயே புனிதர் இருக்கிறார்: ராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான். பெயரில் கிடைக்காவிட்டால் தொழிலைப் பாருங்கள். மீனவருக்கு ராயப்பர், தச்சருக்கு சூசையப்பர், அதாவது யோசேப்பு.

அடுத்து, கடையில் உருவத்தை நன்றாகப் பாருங்கள். அண்ணன் மகனுக்கு சூசையப்பர் என்று நினைத்து நான் வாங்கி வந்தது அந்தோணியார்! அம்மாதான் கண்டுபிடித்தார். இரண்டு பேர் கையிலும் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருக்கும். சூசையப்பருக்குத் தாடி உண்டு. அந்தோணியாருக்குத் தாடி இருக்காது. உச்சி மழித்த தலை, துறவி அங்கி, இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு. ராயப்பர் கையில் சாவி, சின்னப்பர் கையில் வாள், செபஸ்தியார் உடம்பில் அம்பு. டாலர் சின்னதாக இருந்தால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

வெள்ளி என்றால் 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தையின் கழுத்தில் மட்டும் கயிறோ சங்கிலியோ போட வேண்டாம். அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

வாங்கியபின் மந்திரிக்க வேண்டும், அதாவது குருவானவரிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும். மந்திரித்த பொருளை விற்கக் கூடாது என்பதால் அதைக் கடையில் எதிர்பார்க்காதீர்கள். சம்பா கோவிலோ இருதய ஆண்டவர் பசிலிக்காவோ உங்கள் பங்குக் கோவிலோ, பூசை முடிந்ததும் சாமியாரிடம் நீட்டினால் போதும், செபித்துத் தருவார்.

கொடுக்க நல்ல நாள் அந்தப் புனிதரின் திருநாள்தான்: சூசையப்பருக்கு மார்ச் 19, அந்தோணியாருக்கு ஜூன் 13, ராயப்பருக்கும் சின்னப்பருக்கும் ஜூன் 29. கூடவே ஒரு தாளில் புனிதரின் கதையை நான்கு வரி உங்கள் கையால் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளைகள் டாலரைத் தாயத்து என்று நினைத்துவிடுவார்கள். காப்பது கடவுள்; புனிதர் நமக்காக வேண்டிக்கொள்கிறவர் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. என்றாவது டாலர் உடைந்துபோனால் குப்பையில் போடாமல், கால் படாத இடத்தில் மண்ணில் புதைக்கச் சொல்லுங்கள்.