"எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்று சொல்வதற்கு முன்

பெங்களூர் சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் எனக்கு செல்போன் ரிப்பேர் கடை. டிஸ்ப்ளே மாற்ற வருகிறவர்கள், சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறவர்கள், காத்திருக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு மெசேஜைக் காட்டி "பாய், இது நிஜமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தமிழில் சிலது, தக்கனி உருதுவில் சிலது, கன்னடத்தில் சிலது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஏற்கெனவே நாலு குரூப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் கேட்பார்கள். ஏன் அனுப்பினீர்கள் என்றால் ஒரே பதில்: "எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன். நான் ஒன்றும் எழுதலையே."

இந்தப் பதில் மார்க்கத்தில் செல்லாது. "கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும்" என்ற நபிமொழி (ஹதீஸ்) ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பின் முன்னுரையிலேயே இருக்கிறது, எண் 5. கட்டிவிட்டவரைப் பற்றி அது பேசவில்லை. கேட்டுக் கடத்துகிறவரைப் பற்றித்தான் பேசுகிறது.

நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள் மீது பழி சுமத்தப்பட்ட சம்பவத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் தொலைந்த மாலையைத் தேடப் போனார்கள், படை அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது, பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) தன் ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். நடந்தது அவ்வளவுதான். அதைத் திரித்துப் பெரிதாக்கியதில் முன்னே நின்றவன் மதீனாவின் நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆனால் அது மதீனாவில் ஒரு மாதம் ஓடியதென்றால் அவன் ஒருவனால் மட்டும் அல்ல. பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) போன்ற நல்லவர்களும் அதைப் பேசினார்கள். குர்ஆனின் 24ஆவது அத்தியாயம் அன்னூரின் 15ஆவது வசனம் நாக்கால் வாங்கி வாயால் கடத்தியவர்களைக் கண்டிக்கிறது: உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னீர்கள், அதை இலேசாக நினைத்தீர்கள், அல்லாஹ்விடம் அது பெரிய விஷயம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் "சும்மா ஒரு ஃபார்வேர்டுதானே" என்று நினைத்தீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? நான் கடையில் சொல்லிக்கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன்.

யார் சொன்னது என்று பின்னோக்கிப் போங்கள்

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். அனுப்பியவரிடம் "இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் போதும். இதுவும் நம் முன்னோர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆரம்பத்தில் அறிவிப்பாளர் யார் என்று கேட்டதில்லை, குழப்பம் வந்த பிறகு "உங்களுக்குச் சொன்னவர்களின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்கத் தொடங்கினார்கள் என்று ஆரம்பகால அறிஞர் இப்னு ஸீரீன் சொன்னதை இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலும் இரண்டாவது ஆளிடமே சங்கிலி அறுந்துவிடும். மாமுவைக் கேட்டால் "மச்சான் அனுப்பினார்" என்பார். மச்சானைக் கேட்டால் "ஏதோ குரூப்பில் வந்தது" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் பெயர் இல்லை. பெயர் இல்லாத செய்தியை உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப் மெசேஜின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020இல் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த அம்பைப் பார்த்தவுடன் விரலை எடுத்துவிடுங்கள்.

அனுப்பியவர் நல்லவர், தொழுகையாளி, பொய் சொல்லமாட்டார் என்பதும் போதாது. நபித்தோழர் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) ஒரு நபிமொழியைச் சொன்னபோது கலீஃபா உமர் (ரலி) சாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து, ஆமாம், நானும் கேட்டேன் என்றார். அபூ மூஸா மீது சந்தேகப்பட்டதாக இதற்குப் பொருள் இல்லை. அது ஒரு பழக்கம். உங்கள் பெரியத்தாவிடம் கேட்பதும் அதே பழக்கத்தில்தான் சேர்த்தி.

ரத்தம் தேவை என்று வரும் மெசேஜ்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுப்புகிறவர்கள் நன்மையை நாடித்தான் அனுப்புகிறார்கள். "ஓ நெகட்டிவ் அவசரம், பெங்களூர்" என்று ஒரு நம்பரோடு வரும். தேதி இருக்காது. அந்தக் குழந்தை குணமாகி வீட்டுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம், நம்பர் வேறு யார் கைக்கோ மாறியிருக்கலாம். அந்த நம்பருக்கு முதலில் நீங்களே போன் போடுங்கள். எடுத்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, இன்னும் தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால் "இன்று இத்தனை மணிக்குப் பேசினேன், இத்தனை யூனிட் தேவை" என்று உங்கள் வரியையும் மேலே சேர்த்து அனுப்புங்கள். கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் அதையும் அதே இடத்தில் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் அனுப்ப வேண்டாம், வேண்டுமானால் நீங்கள் ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் கொடுக்கலாம்.

படத்துக்கு வழி வேறு. படத்தை போனில் சேமித்து கூகுள் லென்ஸில் போடுங்கள், பழைய படமாக இருந்தால் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும். வீடியோ என்றால் முகமோ கட்டிடமோ பெயர்ப்பலகையோ தெரிகிற இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். கடைப் பலகையில் இருக்கும் எழுத்து எந்த மொழி, வண்டியின் நம்பர் பிளேட் எந்த மாநிலம் என்று பார்த்தாலே பாதி விஷயம் அவிழ்ந்துவிடும். குரல் மெசேஜுக்கு இந்த வழியும் இல்லை. "என் மச்சான் போலீஸில் இருக்கார், அவர் சொன்னது" என்று தொடங்கும் குரலில் மச்சானுக்கும் பெயர் இருக்காது, பேசுகிறவருக்கும் பெயர் இருக்காது. இப்போது கம்ப்யூட்டரே யார் குரலிலும் பேசுகிறது. குரல் மெசேஜை நான் யாருக்கும் அனுப்புவதே இல்லை.

ஹதீஸ் என்று வந்தால்

உலகச் செய்தியைச் சந்தேகிக்கிறவர்கள்கூட ரோஜாப் பூப் படத்தின் மேல் எழுதிய ஹதீஸை "சுப்ஹானல்லாஹ்" என்று அனுப்பிவிடுகிறார்கள். மிக அதிகமாகச் சரிபார்க்க வேண்டியது இதைத்தான். தன் மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தன் இடத்தைத் தயார் செய்துகொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்பிலும் இருக்கிறது. பொய் என்று கருதிக்கொண்டே ஒரு ஹதீஸை அறிவிப்பவரும் பொய்யர்களில் ஒருவர் என்பதும் முஸ்லிமின் முன்னுரையில் வருகிறது.

"ரபீஉல் அவ்வல் வரும் தேதியை முதலில் சொல்பவருக்கு நரகம் ஹராம்" என்று வருடா வருடம் வருகிறதே, ரமலானுக்கும் அதே வாசகம் வருகிறதே, அப்படி ஒரு ஹதீஸே கிடையாது. மதீனாவில் ஷேக் அஹ்மத் என்பவர் கனவு கண்டார், இத்தனை பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் கேடு வரும் என்ற கடிதம் வாட்ஸ்அப்பைவிட வயதானது. தபால் கார்டாகவும் ஜெராக்ஸாகவும் சுற்றிவிட்டு இப்போது போனுக்குள் வந்திருக்கிறது. சவூதியின் மார்க்க அறிஞர் ஷேக் இப்னு பாஸ் அது பொய் என்று விரிவாகவே மறுத்து எழுதியிருக்கிறார். அடையாளம் சுலபம்: எத்தனை பேருக்கு அனுப்ப வேண்டும் என்று கணக்குச் சொல்லும் எதையும் அனுப்பாதீர்கள்.

"ஆதாரம்: புகாரீ" என்று மட்டும் போட்டிருந்தால் அது ஆதாரம் ஆகாது. எண் கேளுங்கள். எண் இருந்தால் சுன்னா.காம் தளத்திலோ வீட்டில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பிலோ எடுத்துப் பாருங்கள். ஒரு விஷயம், பதிப்பகத்துக்குப் பதிப்பகம் எண் மாறும், ஆகவே எண் பொருந்தவில்லை என்பதற்காக உடனே இட்டுக்கட்டியது என்று சண்டைக்குப் போகாதீர்கள், பாடத் தலைப்பிலும் தேடுங்கள். திர்மிதீ, இப்னு மாஜா போன்ற நூல்களில் பலவீனமானவையும் உண்டு என்பதால் தரத்தையும் பார்க்க வேண்டும். அரபி தெரியாத நமக்கு இதற்கு மேல் பள்ளி இமாமிடம் போவதுதான் வழி. அஸர் தொழுகைக்குப் பிறகு போனால் நிதானமாகச் சொல்வார்.

பிறை இரவு

பெங்களூர்த் தமிழ் முஸ்லிம்களுக்கு இது தனித் தலைவலி. ரமலான் பிறை பார்க்கும் ஷஃபான் 29 மாலை ஊரிலிருந்து தமிழ்நாடு தலைமை காஜியின் அறிவிப்பு ஒரு பக்கம் வரும், இங்கே ஹிலால் (பிறை) கமிட்டியின் உருது அறிவிப்பு இன்னொரு பக்கம் வரும், சவூதிச் செய்தி முந்தின நாளே வந்து உட்கார்ந்திருக்கும். இதற்கு நடுவில் போன வருடத்து லெட்டர் பேடை யாரோ ஒரு புண்ணியவான் மறுபடி அனுப்பியிருப்பார். கையெழுத்தும் முத்திரையும் அசலாகவே இருக்கும், ஏனென்றால் கடிதம் அசல், வருடம்தான் பழசு. எனவே முத்திரையைப் பார்க்காமல் மூலையில் இருக்கும் ஹிஜ்ரி வருடத்தைப் பாருங்கள். கிழமையும் ஆங்கிலத் தேதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எந்த ஊருக்கான அறிவிப்பு என்பதையும் சேர்த்து எழுதாமல் "நாளை நோன்பு" என்று மொட்டையாக அனுப்பாதீர்கள், தஞ்சாவூரில் இருக்கும் நன்னி குழம்பிப் போவார்.

பயமுறுத்தும் செய்தி

நம் ஊருக்கு இதில் கசப்பான அனுபவம் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்எம்எஸ்ஸில் பரவிய வதந்தியால் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் ஸ்டேஷனில் குவாஹாத்தி ரயிலுக்கு முண்டியடித்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் அனுப்பக்கூடாது என்று அரசாங்கம் அப்போது தடை போட வேண்டியிருந்தது. அதே காலத்தில் பர்மாவில் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் என்று சுற்றிய ஒரு படம், 2010இல் திபெத்தியர் வாழும் பகுதியில் நடந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் படம். அதில் துறவிகள் நின்றது உதவி செய்ய. 2018 மே மாதம் சாமராஜ்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். அதற்கு முந்தின வாரங்களில் எத்தனை பேர் "குழந்தைகள் ஜாக்கிரதை" என்று நல்லெண்ணத்தில் ஃபார்வேர்டு செய்திருப்பார்கள்?

குர்ஆன் 49:6 சொல்வது இதைத்தான்: தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தெளிவாக விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். 4:83 அடுத்த படியையும் சொல்கிறது. பயமோ பாதுகாப்போ சம்பந்தப்பட்ட செய்தி வந்தால் பரப்பாமல், பொறுப்பில் இருப்பவர்களிடமும் ஆராய்ந்து அறியக்கூடியவர்களிடமும் கொண்டுபோங்கள். நபி (ஸல்) அவர்கள் மனைவியரை விவாகரத்து செய்துவிட்டார்கள் என்று பள்ளிவாசலில் ஆட்கள் கவலையோடு பேசிக்கொண்டிருந்தபோது உமர் (ரலி) நேராகப் போய் "விவாகரத்து செய்துவிட்டீர்களா?" என்று அவர்களிடமே கேட்டார்கள். "இல்லை" என்று பதில் வந்தது. பள்ளிவாசல் வாசலில் நின்று அதை உரக்கச் சொன்னார்கள். வதந்தி அங்கேயே முடிந்தது.

நமக்கு நடைமுறையில் இதன் அர்த்தம்: கலவரம், கடத்தல், ஊரடங்கு என்று வந்தால் குரூப்பில் போடாமல் 112க்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ பேசுங்கள். பெங்களூர் போலீஸின் அதிகாரப்பூர்வக் கணக்கைப் பாருங்கள். அந்தத் தெருவில் தெரிந்தவர் இருந்தால் "கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

உண்மையாகவே இருந்தாலும்

சரிபார்த்தாகிவிட்டது, நிஜம்தான். அப்போது அனுப்பலாமா? எல்லாவற்றையும் அல்ல. ஒருவரிடம் இருக்கும் குறையைச் சொன்னால் அது புறம், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. இன்னார் வீட்டுப் பெண் இப்படிப் போய்விட்டாள் என்று போட்டோவோடு வருவது உண்மை என்றாலும் உங்கள் போனோடு நிற்க வேண்டும். காணாமல்போன பிள்ளையின் படம் வேறு கணக்கு, குடும்பமே கேட்கிறது, அதை அனுப்பலாம். ஆனால் கிடைத்த பிறகு அதை நீக்கச் சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போகும்வரை தேடிக்கொண்டே இருப்பார்கள்.

தவறாகப் போய்விட்டால்

பெரியவர்கள் தவறான ஒன்றை குரூப்பில் போட்டால் அங்கேயே வைத்து "இது ஃபேக்" என்று எழுதாதீர்கள். தனியாக அழைத்து, "மாமு, இதை நானும் தேடிப் பார்த்தேன், பழைய படமாம்" என்று சொல்லுங்கள். சபையில் மூக்குடைபட்டவர் அடுத்த முறை இன்னும் வீம்பாக அனுப்புவார். அவரையே எடுக்கச் சொல்வது நல்லது.

எடுப்பது பற்றி: அனைவருக்கும் நீக்கும் வசதி இரண்டு நாள் சொச்சம்தான் இருக்கும். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், அனுப்பியவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஆகவே நீக்கினால் மட்டும் போதாது. பாவமன்னிப்புக் கேட்டு, சீர்படுத்தி, தெளிவாக்கியவர்கள் என்று 2:160 மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. அந்த வசனம் வேதத்தில் இருப்பதை மறைத்தவர்களைப் பற்றியது, ஆனாலும் இந்த மூன்று படி நமக்கும் பொருந்தும். தெளிவாக்குவதற்கு இரண்டு வரி போதும்: "நேற்று மாலை நான் அனுப்பிய இன்ன வீடியோ பெங்களூரில் எடுத்தது அல்ல, வேறு ஊரில் வேறு வருடம் நடந்தது. யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அனுப்புங்கள்." அந்தப் பொய்யான படத்தைத் திரும்ப இணைக்காதீர்கள், இணைத்தால் படம் மட்டும் தனியாகக் கிளம்பிப் போய்விடும். பத்து குரூப்புக்கு அனுப்பியிருந்தால் திருத்தமும் பத்து குரூப்புக்குப் போக வேண்டும். ஸ்டேட்டஸில் மட்டும் போட்டால் கணக்கில் சேராது, அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.