கேட்டதைத்தான் கோர்ட் கொடுக்கும்: சிவில் வழக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவில் வழக்கில் போலீஸ் விசாரணை கிடையாது. ஆதாரம் தேடித் தர அரசு வக்கீலும் வரமாட்டார். வாதி பிராதில் (வழக்கு மனுவில்) எழுதியது, பிரதிவாதி எதிருரையில் (பதில் மனுவில்) மறுத்தது, இருவரும் கொண்டுவந்த பத்திரங்கள், ஏற்றிய சாட்சிகள் ஆகியவற்றை வைத்துத்தான் நீதிபதி தீர்ப்பு எழுத முடியும். இதைப் புரிந்துகொள்ளாமல், "உண்மை நம்ம பக்கம் இருக்கு, ஜட்ஜ் பார்த்துக்குவார்" என்று இருந்துவிடுவதால்தான் நல்ல வழக்குகள் பல தோற்றுப்போகின்றன. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் சொத்து, பண வழக்குகளில் அடிக்கடி நடக்கும் தவறுகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் பார்ப்போம்.

மனு கொடுத்தால் காலம் நிற்காது

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் ஒவ்வொரு வகை வழக்குக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறது. கடன் பணம் வசூலிக்க 3 ஆண்டு. கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்க 3 ஆண்டு. ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. உரிமையின் அடிப்படையில் நிலத்தின் சுவாதீனத்தை (இடத்தைக் கைவசம் ஒப்படைப்பதை) கேட்க 12 ஆண்டு. கெடு தாண்டிய வழக்கை, எதிர்த்தரப்பு அதைப் பற்றி வாய் திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனு, வழக்குத் தாக்கல் செய்வதற்குப் பொருந்தாது. அது மேல்முறையீட்டுக்கும் சில வகை மனுக்களுக்கும் மட்டும்தான்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பணம் கொடுத்தவர் முதலில் காவல் நிலையத்துக்குப் போகிறார். "இது சிவில் மேட்டர்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு, பிறகு ஊர்ப் பெரியவர்களின் பேச்சு, பிறகு வக்கீல் நோட்டீஸ். இவற்றில் எதுவும் கெடுவை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்காது. அரசையோ அரசு அதிகாரியையோ எதிர்த்து வழக்குப் போடும்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் கொடுக்கும் 2 மாத நோட்டீஸ் காலம் மட்டும் கணக்கில் கழிக்கப்படும்.

புரோநோட்டில் இந்தத் தவறு மிக அதிகம். "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய நோட்டுக்கு, பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து 3 ஆண்டு என்று பலர் நினைக்கிறார்கள். நோட்டில் உள்ள தேதியிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடும். 10.8.2022 தேதியிட்ட நோட்டு என்றால் 10.8.2025 கடைசி நாள். அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் மறுநாள் திங்கள்கிழமை தாக்கல் செய்தால் செல்லும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் வழக்கு போனதுதான்.

கெடுவை நீட்டிக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. கெடு முடிவதற்குள் கடன்காரர் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு, வரவு வைத்து, தானே கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். கடன் கொடுத்தவரே "வரவு 5,000" என்று எழுதிவைத்துக் கடன்காரரின் கையெழுத்து இல்லாமல் விட்டால் அந்த வரிக்கு மதிப்பு இல்லை. பணம் கட்டாமல் "பாக்கி உண்டு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். ஆனால் அதுவும் கெடுவுக்குள் இருக்க வேண்டும். இன்னொன்று, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டைப் பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது. மற்ற பல பத்திரங்களுக்கு உள்ள அந்தச் சலுகை புரோநோட்டுக்கு இல்லை.

தவறான பரிகாரம் கேட்பது

கோர்ட் கட்டணத்துக்குப் பயந்து வழக்கையே பலவீனமாக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். பக்கத்து மனைக்காரர் வேலியைத் தள்ளிப் போடுகிறார், கேட்டால் "இது என் சொத்து" என்று ஒரு பத்திரத்தையும் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே "தடை உத்தரவு வாங்கிடலாம்" என்று நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டு வழக்குப் போடுகிறார்கள். காரணம் செலவு. உறுத்துக்கட்டளைக்கு வாதி சொல்லும் சிறிய மதிப்பின் மேல் கட்டணம் கட்டினால் போதும். உரிமை விளம்புகையும் (சொத்து தனக்குரியது என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்த்துக் கேட்டால் சந்தை மதிப்பில் பாதியின் மேல் கட்ட வேண்டும். சுவாதீனமும் கேட்டால் முழு மதிப்பின் மேல். 2017-இல் இந்தக் கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஆக 20 லட்ச ரூபாய் வீட்டுமனைக்கு விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் கேட்டால் சுமார் 30,000, விளம்புகையும் சுவாதீனமும் கேட்டால் சுமார் 60,000.

அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? 2008-இல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: உரிமையின் மீது மெய்யான சர்ச்சை எழுந்துவிட்டால் வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதாது, விளம்புகை கேட்க வேண்டும். இடம் கையைவிட்டுப் போயிருந்தால் சுவாதீனமும் கேட்க வேண்டும். பல ஆண்டு நடந்த பிறகு இந்த ஒரு காரணத்தால் வழக்கு தள்ளுபடியாவதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. எதிருரை வந்ததும் அதில் உரிமை மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறுக்கப்பட்டிருந்தால் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே பிராதைத் திருத்த மனுப் போடுங்கள். விசாரணை தொடங்கிய பிறகு, "எவ்வளவு கவனமாக இருந்தும் முன்பே இதைச் செய்ய முடியவில்லை" என்று நிரூபித்தால்தான் திருத்தம் கிடைக்கும்.

பட்டா இருந்தால் உரிமை நிலைத்துவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்தது. பட்டா, சிட்டா, வரி ரசீது எல்லாம் அனுபவத்துக்குத் துணையான ஆவணங்கள். உரிமைக்கு மூலப்பத்திரமும் அதிலிருந்து உங்கள் கை வரை வரும் தொடர்ச்சியும் வேண்டும்.

கிரய ஒப்பந்த வழக்கிலும் கேட்காமல் விட்டு ஏமாறுவது உண்டு. ஒப்பந்தத்தை நிறைவேற்ற நீதிமன்றம் மறுத்தால் அட்வான்ஸ் தானாகத் திரும்பி வரும் என்று நினைக்கக் கூடாது. "மாற்றுப் பரிகாரமாக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்ற வரி பிராதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் கிடைக்காது. மீதிப் பணத்தோடு தயாராக இருந்ததை நிரூபிப்பது வாங்குபவரின் பொறுப்பு. ஒப்பந்தக் காலம் முழுக்க பாஸ்புக்கில் சில ஆயிரம் மட்டும் இருந்தால் குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்துவிடும். கெடுவின் கடைசி வாரம் வரை காத்திருந்து வழக்குப் போடுவதும் "இவர் உண்மையில் தயாராக இருந்தாரா" என்ற சந்தேகத்தை வளர்க்கும்.

சொத்து விவரத்தில் ஒரு எழுத்து

பிராதின் கடைசிப் பக்கத்தில் வரும் சொத்து விவரத்தைப் பெரும்பாலான கட்சிக்காரர்கள் படித்துப் பார்ப்பதே இல்லை. வழக்கில் ஜெயித்த பிறகு அமீனா (நீதிமன்ற உத்தரவோடு வரும் ஊழியர்) கையில் எடுத்துக்கொண்டு வருவது அந்தப் பக்கத்தைத்தான். பழைய பத்திரத்தில் சர்வே எண் 124/3 என்று இருக்கும். பின்னால் அது 124/3ஏ, 124/3பி என்று உட்பிரிவாகி, உங்கள் பாகம் 3பி-யில் விழுந்திருக்கும். பிராதில் 124/3 என்றே எழுதிவிட்டால், தீர்ப்பு கையில் இருந்தும் எந்த இடத்தை அளந்து கொடுப்பது என்று தெரியாது. செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்), எப்போதோ இறந்துபோன பக்கத்து நிலக்காரர் பெயரை அப்படியே நகலெடுத்துப் போடுவதும் இதே தொல்லையைத் தரும்.

கையெழுத்துப் போடும் முன் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, இன்றைய பட்டா, புல வரைபடம் நான்கையும் மேசையில் பரப்பி வைத்து, எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய எண்ணும் புது எண்ணும் இரண்டும் பிராதில் வரட்டும். வழக்குச் சொத்து பெரிய நிலத்தின் ஒரு பகுதி என்றால் வரைபடம் இணையுங்கள். எல்லைத் தகராறு என்றால் வக்கீல் கமிஷனரை சர்வேயரோடு அனுப்பி அளக்கக் கேட்கலாம். அந்த மனுவை ஆரம்பத்திலேயே போட வேண்டும். இடம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல கமிஷனரைக் கேட்டால் நீதிமன்றம் அனுப்பாது. அதைச் சாட்சியால்தான் நிரூபிக்க வேண்டும்.

சம்மனை வாங்காமல் விடுவது

"வாங்கலேன்னா கேஸ் நடக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அமீனாவைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாங்க மறுத்தார் என்று எழுதிப் போனால் சட்டத்தின் பார்வையில் சம்மன் சார்வாகிவிட்டது, அதாவது கையில் சேர்ந்துவிட்டதாகவே கணக்கு. ஆள் இல்லாதபோது வீட்டில் இருக்கும் வயது வந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம், கதவில் ஒட்டவும் செய்யலாம். சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாளில் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேலும் சில சமயம் செலவுத்தொகையோடு அனுமதிக்கிறார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (பிரதிவாதி வராததால் அவர் இல்லாமலே தரும் தீர்ப்பு) வந்துவிட்டால் அதை நீக்கக் கேட்க 30 நாள். சம்மன் முறையாக வந்து சேராதபோது, விவரம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதையும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்க மனு. அதில் "மஞ்சள் காமாலை வந்து வெளியூரில் நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்ற வழக்கமான வாசகத்தைப் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எதிர் வக்கீல் கூண்டில் வைத்து எந்த ஊர், எந்த வைத்தியர் என்று கேட்கும்போது பதில் இருக்காது. உண்மையான காரணத்தை, அதற்கான காகிதத்தோடு எழுதுவதே பலன் தரும்.

எதிருரை எழுதும்போது "பிராதில் உள்ள அனைத்தும் பொய்" என்று மொத்தமாக மறுப்பது போதாது. பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் வேண்டும். தனியாகக் குறிப்பிட்டு மறுக்காத சங்கதியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியும்.

வழக்குக்கு எண் கிடைத்ததும் சி.என்.ஆர். எனப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்கக் குறியீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, எதற்காக என்று நீங்களே பார்க்கலாம்.

கூண்டில் யார் ஏறுவது

வாதிதான் முதல் சாட்சி. தனக்கு நேரடியாகத் தெரிந்த சங்கதிக்கு அவரே கூண்டில் ஏற வேண்டும். பவர் வாங்கிய மகனோ மருமகனோ ஏறினால், தான் செய்த காரியத்தைப் பற்றித்தான் சொல்ல முடியும். அப்பா பணம் கொடுத்ததற்கு, அப்போது கூட இல்லாத மகன் சாட்சி ஆக முடியாது.

உயில் வழக்கில் பதிவு செய்த உயில் என்பதால் கவலை இல்லை என்று விட்டுவிடுவார்கள். பதிவு செய்திருந்தாலும், உயிரோடு இருக்கும் சான்றொப்பச் சாட்சி (உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்) ஒருவரையாவது அழைத்து வந்து நிரூபிக்க வேண்டும். சாட்சிகளுக்கு வயதாகிக்கொண்டே போகும் என்பதை நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் ஏற்கமாட்டார்கள். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும். வழக்கு முடியும் வரை அந்தப் போனை மாற்றாமல் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

பாகப்பிரிவினை வழக்கில்

குடும்பச் சொத்துகளில் ஒன்றையோ பங்குதாரர்களில் ஒருவரையோ விட்டுவிட்டால் அதுவே எதிர்த்தரப்புக்கு வாதம் ஆகிவிடும். கட்டிக்கொடுத்த சகோதரி, இறந்த சகோதரனின் மனைவி, பிள்ளைகள் என எல்லோரும் வர வேண்டும். வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். விட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள்.

முதல்நிலைத் தீர்ப்பு பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். அதில் குறை இருந்தால் அப்போதே மேல்முறையீடு செய்ய வேண்டும். இறுதித் தீர்ப்புக்கு எதிரான முறையீட்டில் பழைய குறையை எழுப்ப முடியாது. எந்தப் பக்கம் யாருக்கு என்று அளந்து பிரிப்பது இறுதித் தீர்ப்பில்தான். அதற்கான நடவடிக்கை எடுக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் குடும்பங்கள் ஏராளம்.

தீர்ப்பு வந்த பிறகு

இடைக்காலத் தடை கிடைத்ததும் வழக்கே முடிந்ததுபோல் அசந்துவிடக் கூடாது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுத்த தடை என்றால், மனு, பிராது, ஆவண நகல்களை உடனே அவருக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டதாலேயே தடை கலைந்துபோகக்கூடும்.

மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். சான்றிட்ட நகல் பெற ஆகும் நாளைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் நகல் மனுவைத் தீர்ப்பு நாளிலேயே போடுங்கள்.

ஜெயித்தவரும் சும்மா இருக்க முடியாது. பணத்துக்கோ சுவாதீனத்துக்கோ கிடைத்த தீர்ப்பை நிறைவேற்ற 12 ஆண்டு உண்டு. கட்டிய சுவரை இடித்து அகற்று என்பது போன்ற செயலுறுத்துக்கட்டளைக்கு 3 ஆண்டுதான். நிறைவேற்று மனுவில் தாமதத்தை மன்னிக்க வழியே இல்லை. அமீனா சுவாதீனம் கொடுக்க வரும்போது யாராவது தடுத்தால், தடுத்தவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் அமீனாவின் அறிக்கையில் ஏறுகிறதா என்று பாருங்கள். அந்தத் தடையை அகற்றக் கேட்கும் மனுவுக்கு, தடுத்த நாளிலிருந்து 30 நாள் மட்டுமே இருக்கிறது.