ஒயர் காயிலில் இருப்பது முழுச் செம்புதானா? மல்டிமீட்டரால் கண்டுபிடிக்கும் முறை

அலுமினியக் கம்பிமேல் மெல்லிய செம்புப் போர்வை போட்ட ஒயரும் வெளிப்பார்வைக்குச் செம்பாகவே தெரியும். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிக் கொடுக்கும். இணைப்பு தளரும், சூடேறும், சுவிட்ச் கருகும். எனவே பைப்பில் இழுப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

ஒரு முனையில் 2 செ.மீ. தோல் உரியுங்கள். இதற்கு ஒயர் ஸ்ட்ரிப்பர்தான் சரி. பிளேடு போட்டால் இழைகள் அறுபடும். ஓர் இழையைப் பிரித்து, பிளேடால் அழுத்திச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பு என்றால் செம்பு. உள்ளே வெள்ளையாகப் பளிச்சிட்டால் அலுமினியம். காயிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது மின்தடை. காயிலைப் பிரிக்க வேண்டாம், இரண்டு முனையும் கைக்கு வந்தால் போதும். 20 டிகிரி வெப்பத்தில் 1.5 ஸ்கொயர் எம்.எம். நெகிழ் செம்பு ஒயருக்கு இந்தியத் தரப்படி உச்ச வரம்பு கிலோமீட்டருக்கு 13.3 ஓம். அப்படியானால் 90 மீட்டர் காயிலுக்கு 1.2 ஓம். 2.5-க்கு 0.72 ஓம். நம் ஊர் 35 டிகிரியில் இவற்றோடு 6 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். அதே பருமனில் அலுமினியம் சுமார் 1.6 மடங்கு காட்டும்.

பலரும் தடுமாறும் இடம் இதுதான்: மீட்டரின் ப்ரோப் ஒயருக்கும் தடை உண்டு. 200 ஓம் நிலையில் வைத்து, இரண்டு ப்ரோப்களையும் ஒன்றோடொன்று அழுத்துங்கள். 0.4 காட்டினால், பிறகு வரும் எண்ணிலிருந்து அந்த 0.4-ஐக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் நல்ல 1.5 காயிலும் 1.6 ஓம் காட்டி உங்களைக் குழப்பும். ஊசிமுனையைக் கையால் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். இழைகளை முறுக்கி முதலைக் கிளிப்பால் கவ்வுங்கள்.

உள்ளே சிவப்பாக இருந்தும் தடை அதிகமா? பெரும்பாலும் பருமன் குறைச்சல்தான்.

4 ஸ்கொயர் எம்.எம். காயிலின் தடை 0.45 ஓம் மட்டுமே. சாதாரண மீட்டரை இதற்கு நம்ப முடியாது. 12 வோல்ட் பேட்டரி, 21 வாட் வண்டி பல்பு, 10 ஆம்பியர் துளையில் செருகிய மீட்டர், காயில் நான்கையும் வரிசையாக இணையுங்கள். இன்னொரு மீட்டரால் காயிலின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. இந்த முறையில் ப்ரோப்பின் தடை கணக்கைக் கெடுக்காது.

பின்சேர்க்கை: வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அது வெள்ளீயம் பூசிய செம்பு. தாராளமாகப் பயன்படுத்தலாம்.