அணைக்கரை நடைக்கு நாயையும் கூட்டிப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

குமரி மாவட்டத்தில் மலை ஏரி என்று நாம் தேடிப் போவதெல்லாம் அணைகள்தான். கோதையாற்றில் பேச்சிப்பாறை, பறளியாற்றில் பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்றும் இரண்டும், நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல். நண்பர்கள் சேர்ந்து நாய்களோடு ஒரு பகல் நடந்து வர நல்ல பக்கம்தான். ஆனால் கெட்டுப்போகும் பயணங்களில் பெரும்பாலானவை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கெட்டுப்போனவை.

முதல் தவறு, படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்வது. இந்த அணைகளுக்கு மேலே இருக்கும் காட்டின் பெரும்பகுதி 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். மேல் கோதையாறு பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே நாயோடு போகவே கூடாது. "கயிற்றில்தானே பிடித்திருக்கிறோம்" என்பது பதில் ஆகாது. வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நாயிடமிருந்து செந்நாய்க்கும் நரிக்கும் தொற்றும். சிறுத்தைக்கு நாய் இரை. யானையைக் கண்டு மிரண்ட நாய் நேராக உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே யானையும் வரும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் முயலையோ மிளா மானையோ துரத்திப் பிடித்தால் வழக்கு உங்கள் மேல்தான் பாயும். போக நினைக்கும் வழி காப்புக்காட்டுக்குள் வருகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். நாய்க்கு ஏற்றவை ஊர்ச்சாலை, கால்வாய்க்கரை, உரிமையாளர் சம்மதித்த ரப்பர் தோட்டம்.

அடுத்தது பருவம். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கிவிடும். நாளிதழில் வரும் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறுக்கு 18 அடி என்பது முழு அளவு. அதை நெருங்கி, உபரி நீர் திறக்கும் நாட்களில் ஆற்றோரம் போக வேண்டாம். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் காலை நேரம்தான் எங்கள் தேர்வு.

அதிகம் கவனிக்க வேண்டியது சூடு. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த வழி பாதிக்குப் பாதி அடைபட்டுப்போகும். காலை 6 மணிக்குக் கிளம்பி, 10 மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள். தார்ச்சாலையிலும் அணையின் கான்கிரீட்டிலும் புறங்கையை 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். 20 கிலோ நாய் வீட்டில் சும்மா இருந்தாலே நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். நடைக்கு அதற்கென்று தனியாக இரண்டரை லிட்டர் எடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுங்கள். பக் போன்ற மூக்கு சப்பிய நாய்களை வீட்டிலேயே விடுவதுதான் அன்பு.

எச்சில் கெட்டியாக வழிவது, ஈறு செக்கச்செவேலென்று ஆவது, நடை தள்ளாடுவது எல்லாம் வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். அந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடுவதுதான் தவறு. முதலில் நிழலில் போட்டு வயிறு, தொடை இடுக்கு, காது, பாதம் எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். இரைப்பு குறையத் தொடங்கியதும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஈரத்துண்டால் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

ரப்பர் தோட்டத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். காலையில் பால்வெட்டு முடிந்து மரத்துக்கு மரம் சிரட்டை நிறைந்திருக்கும். நாய் தட்டிவிடும் ஒவ்வொரு சிரட்டையும் ஒருவரின் உழைப்பு. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் இருக்கும். நக்கினால் வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

தண்ணீர்க் கரைக்கு வந்ததும் எல்லாரும் கயிற்றை விட்டுவிடுகிறார்கள். நீர் வற்றிய அணைக்கரையில் மேலே காய்ந்தும் அடியில் சகதியுமாக இருக்கும், நாயும் ஆளும் சேர்ந்து புதைவார்கள். மதகுப் பக்கம் போகவே கூடாது. பச்சையாகப் படலம் கட்டிய தண்ணீரில் நாயை இறக்கவோ குடிக்கவிடவோ வேண்டாம், அதிலுள்ள நச்சுப்பாசி சில மணி நேரத்தில் கொல்லக்கூடியது. முக்கடலில் நாயை இறக்குவது ஒரு நகரத்தின் குடத்தில் இறக்குவது.

ஈரமான இடத்தில் அட்டை ஏறும். உப்பைத் தூவினால் அது கக்கிவிட்டு விழும், கக்கியது காயத்துக்குள் போகும். நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி எடுங்கள். நாய் மூக்கில் ஏறியிருந்தால் (ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தமும் தும்மலும் வரும்) இழுக்க வேண்டாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து நாயைக் குடிக்கவிட்டால் சில வேளை அட்டை தானே தலை நீட்டும். இல்லையென்றால் மருத்துவர்தான்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்கவும் விடாதீர்கள். பெரிய துண்டில் கிடத்தி இரண்டு பேர் மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். இதற்காகவே ஒரு நாய்க்கு ஓர் ஆள் போக, கூடுதலாக ஓர் ஆளாவது குழுவில் இருக்க வேண்டும். ஒன்றையொன்று பார்க்காத நாய்களை மலையடியில் முதன்முறை சந்திக்க வைப்பதும் தவறு. முந்தின வாரமே திறந்த மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடத்திப் பழக்குங்கள்.

சாப்பாட்டில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் நமக்கு. வெங்காயம் போட்ட சால்னா, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு எதையும் நாய்க்குத் தர வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூன்று வாரம் வரை நாய்க்குக் காய்ச்சலோ, ஈறு வெளுப்போ, சிறுநீர் காப்பி நிறத்திலோ கண்டால் உண்ணிக் காய்ச்சலுக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கே காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.