எரிமலைக் கல்லை நம்பித் தண்ணீரைச் சுத்தம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டா மண் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல். எரிமலைக் கல் இங்கே கிடையாது. எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்த நுரைக்கல்லும், எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் மாறி உருவாகும் சியோலைட்டும் வெளியிலிருந்து மூட்டையாகத்தான் வருகின்றன. காசு போட்டு வாங்குகிற பொருள் என்பதால் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தவறு, உவர்நீர் இறால் குட்டையில் அம்மோனியா ஏறியதும் சியோலைட்டைக் கொட்டுவது. சியோலைட் தன்னிடமுள்ள சோடியத்தைக் கொடுத்துவிட்டு அம்மோனியத்தை, அதாவது அம்மோனியாவின் நேர்மின்னேற்றம் கொண்ட வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததைக் கழற்றிக் கல்லைப் புதுப்பிக்க அதை உப்புக் கரைசலில்தான் ஊறவைப்பார்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்துக் குட்டைத் தண்ணீரே உப்புக் கரைசல்தானே! கடல்நீரில் பாதி உப்பு இருந்தாலே லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். அம்மோனியாவோ ஒன்றிரண்டு மில்லிகிராம். கல் யாரைப் பிடிக்கும்? அங்கே தீவனத்தைக் குறைப்பது, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைக் கூடுதல் நேரம் ஓட்டுவது, அடிச்சேற்றை எடுப்பது, தண்ணீர் மாற்றுவது, இவைதான் வழி.

சந்தேகமிருந்தால் இரண்டு வாளிகளில் உங்கள் குட்டைத் தண்ணீரை எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு கைப்பிடி கல்லைப் போடுங்கள். மறுநாள் உப்புத் தண்ணீருக்கான அம்மோனியா சோதனைக் கிட்டில் இரண்டையும் பாருங்கள். மூட்டை வாங்குமுன் இதைச் செய்தால் நல்லது.

கட்லா, ரோகு வளர்க்கும் நன்னீர்க் குளத்தில் சியோலைட் உதவும். அங்கேயும் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு பார்க்க வேண்டும். பாசி மண்டிய குளத்தில் மதியத்துக்கு மேல் பிஎச் 9-ஐத் தாண்டும். அப்போது அம்மோனியாவில் பெரும்பகுதி மின்னேற்றம் இல்லாத வடிவத்துக்கு மாறிவிடும். மீனுக்கு அதிக நஞ்சும் அதுதான், கல்லுக்குச் சிக்காததும் அதுதான்.

அப்புறம் நுரைக்கல். கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகளைப் பார்த்து எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று நினைக்கக் கூடாது. மாசு ஒட்டுவதற்கு மிக நுண்ணிய துளைகள் வேண்டும். வடிகட்டிகளில் போடும் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிற பதப்படுத்திய கரியில் ஒரு கிராமுக்கு 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை பரப்பு உண்டு. சாதாரண நுரைக்கல்லில் பெரும்பாலும் சில சதுர மீட்டர்தான். அதன் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் அதே எதிர்மின்னேற்றம் கொண்ட ஃபுளோரைடு, பாஸ்பேட் போன்றவை சரியாக ஒட்டாது. அவற்றுக்கு இரும்பு அல்லது அலுமினியம் பூசிய கல் வேண்டும். போர் தண்ணீரின் உப்பு இந்தக் கற்கள் எதிலும் போகாது, அதற்குச் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் ஆர்ஓதான்.

கல் மாசு பிடித்து நிறைந்துபோனால் நிறம் மாறாது, வாடையும் வராது. வெளியே வரும் தண்ணீரைச் சோதித்துத்தான் மாற்ற வேண்டும். ஈயம், குரோமியம் பிடித்த கல்லை வயலிலோ வாய்க்கால் கரையிலோ கொட்டாதீர்கள். தண்ணீரின் தன்மை மாறினால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும்.