மோதிய 407-க்கு ஸ்டியரிங் வேலை: வீட்டு வாசலிலேயே செய்வது எப்படி?

எங்கள் பழைய டாடா 407 சின்ன லாரி, மதுரை அழகர்கோவில் ரோட்டில் ஒரு பாலக்கட்டையில் இடது முன்சக்கரத்தை இடித்துக்கொண்டது. ஆளுக்கு அடி இல்லை. ஆனால் வண்டி இடது பக்கமே இழுத்தது. நேரே போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்படி ஓட்டிப் பார்க்காதீர்கள், இழுத்துக்கொண்டு வாருங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத, முன்னால் பட்டையும் (அடுக்கடுக்கான இரும்பு ஸ்பிரிங்) இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆக்ஸிலும் உள்ள வண்டிக்கு இந்த முறை பொருந்தும்.

இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போடப் போகிறீர்களா? சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும்வரை ஒரு நட்டைக்கூடத் தொடவேண்டாம். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வண்டிக்கு அடியில் படுத்து.

சாமான்கள்

இரண்டு சுத்தியல், அதில் ஒன்று நல்ல கனமாக. ரிங் ஸ்பேனர் செட். நான் டப்பாரியாதான் வைத்திருக்கிறேன். ஸ்க்ரூ ஸ்பேனரை இந்த வேலையில் கிட்டே சேர்க்காதீர்கள், நட்டின் முனையை மழுக்கிவிடும். டிராப் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் கை) கழற்ற ஒரு புல்லர், அதாவது பிடித்து இழுக்கும் கருவி, வாடகைக்கு வாங்கினாலே போதும். ஜாக்கியைத் தவிர கனமான ஸ்டாண்ட் இரண்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போய்ப் படுக்கக்கூடாது. அப்புறம் டேப், சாக்பீஸ், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு.

தூக்குக்குண்டு எதற்கு என்கிறீர்களா? இந்த வேலையில் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

முதலில் அளவு, பிறகுதான் ஸ்பேனர்

மோதிய வண்டியென்றால் எல்லாரும் உடனே டை ராடை, அதாவது இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பியைக் கழற்றுவார்கள். புது ராடு, அதன் முனைக்குப் புது பால் ஜாயிண்ட், டோ இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்ளே பார்த்து நிற்கும் அளவு) எல்லாம் முடிந்தபிறகும் வண்டி இழுக்கும். திரும்ப டோ இன், திரும்ப இழுவை. காரணம் ஸ்டியரிங்கிலேயே இருக்காது.

பட்டைக்கட்டின் நடுவில் ஒரு சென்டர் போல்ட் இருக்கிறது. ஆக்ஸில் தன் இடத்தில் நிற்பது அதன் தலை ஆக்ஸிலில் உள்ள குழியில் உட்கார்ந்திருப்பதால்தான். சக்கரத்தில் பலமாக அடி விழுந்தால் இந்த போல்ட் வெட்டுப்பட்டுப்போகும். வெளியே பார்த்தால், பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் ஆக்ஸில் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்திருக்கும். ஆக்ஸிலே கோணலாக நிற்கும்போது, அதில் இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்து என்ன பயன்?

கண்டுபிடிப்பது சுலபம். சமமான சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களை நேராக வையுங்கள். நான்கு சக்கரத்தின் ஹப் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். முன் குறிக்கும் பின் குறிக்கும் உள்ள தூரத்தை இடது பக்கமும் வலது பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். எங்கள் வண்டியில் இடது பக்கம் குறைவாக இருந்தது. எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும்.

இதோடு சேசிஸையும் பார்த்துவிடுங்கள். பட்டை மாட்டும் பின்கள் நான்கிலிருந்தும் தரையில் குறி எடுத்து, குறுக்காக அளக்கவேண்டும். இரண்டு குறுக்களவும் ஒத்துவராவிட்டால் சேசிஸ் வளைந்திருக்கிறது. அதற்கென்று உள்ள பட்டறைக்குத்தான் போகவேண்டும். ஆக்ஸில் வளைந்திருந்தாலும் அதே கதைதான்.

சென்டர் போல்ட் மட்டும்தான் போயிருக்கிறதா? சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு ஜாக்கி கொடுத்துக்கொண்டு யூ போல்ட்டைக் கழற்றுங்கள். பட்டைகளை சி கிளாம்பால் பிடித்துக்கொண்டு புது போல்ட் போடுங்கள். அதன் தலை ஆக்ஸில் குழியில் உட்காருகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். யூ போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும், பழையது நீண்டிருக்கும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கியபிறகு குறுக்குக் குறுக்காக இறுக்கிவிட்டு, மறுபடியும் அளந்து பாருங்கள்.

எதை மாற்றவேண்டும்?

டை ராடு, டிராக் லிங்க் (டிராப் ஆர்மிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி), டிராப் ஆர்ம், ஸ்டியரிங் ஆர்ம் (சக்கரப் பக்கம் இருக்கும் கை) எல்லாவற்றையும் நன்றாகத் துடையுங்கள். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் சந்தேகப்படவேண்டும். மண்ணெண்ணெய் தடவி, கொஞ்சநேரம் ஊறவிட்டுச் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசிவிடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மேலே வந்து கோடு காட்டிவிடும்.

வளைந்ததைப் பார்த்ததும் பட்டறைத் தம்பி, “சூடு காட்டி நிமித்திரலாம்ணே” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவையெல்லாம் அடித்து உருவாக்கி, சூட்டுப்பதம் ஏற்றிய இரும்பு. கேஸ் வெல்டிங்கில் சுட்டால் அந்தப் பதம் போய்விடும். எப்போது உடையும் என்று யாராலும் சொல்லமுடியாது. பாடிக்கு, பம்பருக்குக் காயலாங்கடையில் தேடுங்கள், நானும் தேடுவேன். ஸ்டியரிங் சாமானைப் புதிதாகத்தான் வாங்கவேண்டும். டை ராடு எண்டுக்கு ரானே கிடைத்தால் வேறு தேடமாட்டேன்.

ஸ்டியரிங் பாக்ஸ் விரிசல் விட்டிருந்தாலோ, அதிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டின் பற்கள் முறுகியிருந்தாலோ, பாக்ஸை அப்படியே மாற்றிவிடுங்கள்.

கழற்றுவது

நட்டு கழலாமல் குத்தியிருக்கும் காட்டர் பின்னை எடுத்துவிட்டு, நட்டை முழுவதும் கழற்றாமல் கடைசி மறை (திருகுப் புரி) வரைக்கும் விடுங்கள். பால் ஜாயிண்டின் முனையில் அடிக்கக்கூடாது, மறை நசுங்கிவிடும். பால் ஜாயிண்ட் நுழைந்திருக்கும் ஆர்மின் கண் இருக்கிறதல்லவா, அதன் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக்கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஓங்கி இரண்டு அடி. பிடித்திருப்பது சட்டென்று விட்டுவிடும். கவட்டை மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள், ரப்பரைக் கிழிக்கத்தான் லாயக்கு.

டிராப் ஆர்மைக் கழற்றுமுன் ஆர்முக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள்.

மாட்டுவது

முதலில் பாக்ஸின் நடுவைப் பிடியுங்கள். டிராக் லிங்க் மாட்டாமல், ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எண்ணிக்கொண்டே திருப்பி, அதில் சரிபாதி திரும்ப வரவேண்டும். சக்கரங்கள் நேராக. இப்போது டிராக் லிங்க் இழுக்காமல் தள்ளாமல் தானாக வந்து உட்காரவேண்டும்; உட்காராவிட்டால் லிங்கின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டிக்கொள்வது ஏமாற்று வேலை. பாக்ஸ் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் குறைவாகத் திரும்பும்.

டோ இன்னுக்கு இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றி, டயர் நடுவில் ஆணியால் ஒரு கோடு. இறக்கி, வண்டியைக் கொஞ்சம் உருட்டிவிட்டு, ஹப் உயரத்தில் கோட்டுக்குக் கோடு முன்னாலும் பின்னாலும் அளக்கவேண்டும். முன்னால் எவ்வளவு குறையவேண்டும் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும். டை ராடு ஆக்ஸிலுக்குப் பின்னால் இருப்பதால், அதை நீட்டினால் டோ இன் கூடும். ஒரு முனை வலது மறை, மறுமுனை இடது மறை என்பதால் ராடைச் சுழற்றினாலே போதும்.

காட்டர் பின் புதிது. ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது

விடியற்காலையில், லோடு இல்லாமல், ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில். மாட்டுத்தாவணிக்குக் காய்கறி வண்டிகள் வரும் நேரத்தில் ரிங் ரோடு பக்கம் போய்விடாதீர்கள். ஸ்டியரிங் ஆட்டத்தையும், அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் வீல் மட்டும் சும்மா ஆடும் அளவையும் பாருங்கள்: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 98-ம் விதி 30 டிகிரிக்கு மேல் கூடாது என்கிறது. எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்று) போகும்போது இதைப் பார்ப்பார்கள். நல்ல வண்டியில் அவ்வளவு இருக்கவே கூடாது என்பது என் கட்சி. சில நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

பின்சேர்க்கை 1: நட்டை இறுக்கியபிறகு காட்டர் பின் ஓட்டை நேருக்கு வரவில்லை, தளர்த்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தளர்த்தக்கூடாது. அடுத்த ஓட்டை வரும்வரை இன்னும் இறுக்கவேண்டும்.

பின்சேர்க்கை 2: எல்லாம் மாற்றியும் சக்கரம் ஆடுகிறதென்றால், சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு).

பின்சேர்க்கை 3: பவர் ஸ்டியரிங் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஹோஸைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று பிடித்துவிடும். முன்சக்கரங்களைத் தூக்கி, ஆயில் ஊற்றி, இன்ஜின் ஓடாமலேயே பலமுறை இரண்டு கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள், கோடியில் பிடித்து அழுத்திக்கொண்டு நிற்காமல். டப்பாவில் நுரை அடங்கும்வரை ஆயில் மட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஊற்றவேண்டும்.