பார்வை குன்றிய முதியவரின் நினைவாற்றலைச் சோதிப்பது எப்படி?

அறிதிறன் சோதனைத் தாள்களில் பெரும்பாலானவை கண் நன்றாகத் தெரிகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. நினைவு, கவனம், மொழி ஆகியவற்றைச் சுருக்கமாகப் பார்க்கும், 1975 முதல் புழக்கத்தில் இருக்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். பென்சிலையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துப் பெயர் சொல்வது, தாளை வாங்கி மடித்து வைப்பது, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது ஆகியவற்றுக்கே அதில் 8 போய்விடுகிறது. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடை சொன்ன ஒருவர், கண் தெரியாத ஒரே காரணத்தால் 22இல் நின்றுவிடக்கூடும். 24க்குக் கீழே போனால் ஐயத்துக்குரியது என்பது வழக்கமான அளவு என்பதால், அவர் மேல் மறதி நோய் என்ற முத்திரை விழுந்துவிடும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: தடுமாற்றம் எல்லாவற்றையும் கண்ணின் கணக்கில் எழுதிவிட்டு, சோதிக்காமலே அனுப்பிவிடுவது. இரண்டாவதே அதிகக் கேடு விளைவிக்கிறது என்பது என் கருத்து. ஏனென்றால் முதல் தவறை யாராவது கேள்வி கேட்பார்கள், இரண்டாவதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

ஆகவே தாளைக் கையில் எடுக்கும் முன் கண்ணைப் பாருங்கள். தூரப் பார்வை மட்டும் போதாது. சோதனைத் தாள் இருக்கும் தொலைவில், அவருடைய வாசிப்புக் கண்ணாடியுடன், எவ்வளவு பெரிய எழுத்து தெரிகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். விழித்திரையின் மையம் சிதைந்தவருக்கு நேரே பார்ப்பது மறையும், ஓரத்தில் இருப்பது தெரியும். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் முற்றியவருக்கு நடுவில் தெரியும், தாளின் ஓரம் மறையும். தடித்த கருப்பு எழுத்து, பளபளப்பில்லாத வெள்ளைத் தாள், தோளுக்குப் பின்னாலிருந்து விழும் வெளிச்சம் ஆகியவை இருந்தால் ஓரளவு பார்வை உள்ளவர் வழக்கமான சோதனையையே செய்து முடிக்கலாம். கண்புரை போன்று சரிசெய்யக்கூடிய குறை இருந்து, அவசரமும் இல்லையென்றால், சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் சோதிப்பதே முறை. கவனிக்காமல் விட்ட பார்வை இழப்பே மறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாக 2024இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதால், கண் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது.

காதையும் மறக்கக் கூடாது. பார்வை போனவருக்குச் சோதனை முழுவதும் காது வழியாகவே நடக்கப்போகிறது. காது மெழுகோ, பேட்டரி தீர்ந்த காதுக்கருவியோ முடிவையே மாற்றிவிடும்.

அறைக்குள் நுழைந்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்; உடன் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பார்வை உள்ளவர் உங்கள் தலையசைப்பைக் கண்டு அடுத்த கேள்விக்குத் தயாராகிவிடுவார். பார்வை இல்லாதவருக்கு உங்கள் மௌனம் மட்டுமே கேட்கும். தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று எண்ணி, சரியான விடையையே மாற்றிவிடுவார். விடை சரியா தவறா என்று காட்டிக்கொடுக்காமல், “எழுதிக்கொண்டேன், அடுத்தது கேட்கிறேன்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வது போதும்.

எந்தச் சோதனை என்ற கேள்விக்கு, பார்வை தேவைப்படாத வடிவங்களே முதல் விடை. எம்.எம்.எஸ்.இ. போலவே 30 மதிப்பெண் கொண்ட மோகா என்ற சோதனையின் பார்வையற்றோர் வடிவத்தில் வரைதலும் படம் பார்த்துப் பெயர் சொல்வதும் நீக்கப்பட்டு 22 மதிப்பெண் மிஞ்சுகிறது. 18ம் அதற்கு மேலும் இயல்பு என்று கொள்ளப்படுகிறது. சிக்ஸ் சி.ஐ.டி. என்பது முழுக்க வாய்வழிச் சோதனை: ஆண்டு, மாதம், நேரம் கேட்பது, 20இலிருந்து 1 வரை பின்னோக்கி எண்ணச் சொல்வது, மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வது, ஒரு முகவரியைச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது. இதில் தவறுக்குத்தான் மதிப்பெண் என்பதால் 28இல் 8ம் அதற்கு மேலும் வந்தால் மேல் விசாரணை தேவை. ஆனால் கண் சார்ந்த பகுதியை வெட்டிவிட்டால் திட்டமிடும் திறனையும் இட உணர்வையும் சோதிக்கும் கேள்விகளும் கூடவே போய்விடுகின்றன. தொடக்க நிலைக் குறைபாடு அந்த இடைவெளியில் நழுவக்கூடும். எனவே ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார், எண் வரிசையைப் பின்னோக்கிச் சொல்கிறாரா, சொற்பட்டியலை மீட்டுச் சொல்கிறாரா என்பவற்றையும் சேர்த்துப் பாருங்கள். சாவியையோ சீப்பையோ கையில் கொடுத்துத் தடவிப் பார்த்துப் பெயர் கேட்கலாம். அது பயனுள்ள தகவல்தான், ஆனால் மதிப்பெண்ணில் கூட்டக் கூடாது.

வாய்வழிக் கேள்வி என்பதாலேயே அது பார்வை சாராதது என்று நம்பிவிட வேண்டாம். நாட்காட்டியும் செய்தித்தாளும் கண்ணில் படாதவருக்குத் தேதி தவறுவது இயல்பு. ஆண்டையும் காலையா மாலையா என்பதையும் தவறவிடுவது இயல்பன்று. எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்று கேட்டபோது ஒரு மூதாட்டி சொன்ன விடை எனக்கு மறக்கவில்லை: “மகள் கையைப் பிடித்து லிஃப்டில் ஏற்றினாள், கதவு ஒரு தடவை மட்டும் திறந்தது.” தாளின்படி அவருக்குச் சுழியம். அவர் சொன்னதோ கவனமும் நினைவும் கூடிய விடை. அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

வீட்டார் சொல்வதைக் கேட்கும்போது ஒவ்வொரு நிகழ்ச்சியையும் கண்ணா, நினைவா என்று பிரித்துக் கேளுங்கள். மாத்திரை அட்டையில் எழுத்து தெரியாமல் மாற்றி எடுத்தாரா, அல்லது சாப்பிட்டதையே மறந்து மறுபடி கேட்டாரா? பேரன் எதிரே நின்றபோது அடையாளம் தெரியவில்லை என்றால், அவன் பேசிய பிறகாவது தெரிந்ததா? குரல் கேட்டும் தெரியவில்லை என்றால் அதைக் கண்ணின் மேல் போட முடியாது. நாற்காலியை இடம் மாற்றியதால் இடறினாரா, எதுவும் மாறாத வீட்டிலேயே குளியலறைக்கு வழி தேடினாரா என்பதும் அப்படித்தான். பார்வை எப்போது குறைந்தது, தடுமாற்றம் எப்போது தொடங்கியது என்ற இரண்டு காலங்களையும் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும்.

இல்லாத உருவங்கள் தெரிவதாக அவர் சொன்னால் பதற வேண்டாம். பார்வை இழந்தவர்களுக்கு முகங்களும் கோலங்களும் சிறு மனிதர்களும் தோன்றும் சார்ல்ஸ் பானே நோய்க்குறி உண்டு. அவை மெய்யல்ல என்று அவர்களுக்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும், ஒலியும் இராது. அவற்றை மெய்யென்று நம்பினாலோ, கூடவே நடை இறுகி, விழிப்புநிலை நாளுக்கு நாள் ஏறி இறங்கினாலோ மூளையில் லூயி உடல்கள் என்னும் புரதத் திரள்கள் சேர்வதால் வரும் லூயி உடல் மறதி நோயை நினைக்க வேண்டும். மறுபுறம், கண் மருத்துவர் கண்ணில் குறையே இல்லை என்கிறார், புதுக் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் அவருக்குப் படிக்க முடியவில்லை என்றால், மூளையின் பின்பகுதி சுருங்கும் நோயாகவும் இருக்கலாம். அங்கே குறை மூளையில் இருந்துகொண்டு பார்வைக் குறைபோலத் தோன்றுகிறது.

சில நாட்களில் திடீரென வந்த குழப்பம் என்றால் தொற்று, மருந்து, நீரிழப்பு ஆகியவற்றை முதலில் தேடுங்கள். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு ஆகியவற்றைப் பார்ப்பது எல்லாருக்கும் போலவே. பார்வை போனவர்களிடம் மனச்சோர்வைச் சற்று அழுத்திக் கேட்க வேண்டும்.

முடிவை எழுதும்போது எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்த வடிவம், எந்தக் கேள்விகள் விடப்பட்டன, அன்று கண்ணாடியும் காதுக்கருவியும் இருந்தனவா, இரு கண்களின் பார்வை அளவு என்ன என்பவை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 22க்கு வாங்கியதை 30க்கு மாற்றிப் பெருக்கி எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சோதிக்கப்போகிறவர் வேறொருவராக இருக்கலாம். அவர் அதே வடிவத்தை, அதே வெளிச்சத்தில், அதே கருவிகளுடன் நடத்த உங்கள் குறிப்பு ஒன்றே அவருக்கு வழி.